பி0118 பிழைக் குறியீடு போகவே மாட்டேன் என்கிறது, கிரவுண்ட் கம்பி பற்றி ஒரு கேள்வி

திண்டுக்கல். வண்டி 2014 மாடல், 1.2 லிட்டர் பெட்ரோல், 96,000 கி.மீ. ஓடியது. மூன்று வாரமாக, கிளம்பி இருபது நிமிடத்தில் செக் எஞ்சின் விளக்கு எரிகிறது, ரேடியேட்டர் ஃபேன் நிற்காமல் ஓடுகிறது. ஸ்கேனரில் பி0118 (கூலன்ட் வெப்பநிலை சென்சார் சுற்றில் வோல்டேஜ் அதிகம்), கூலன்ட் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி. ஆறியதும் சரியாகிவிடுகிறது.

கூலன்ட் சென்சாரை மாற்றினோம், இரண்டே நாளில் திரும்ப வந்துவிட்டது. தெர்மோஸ்டாட்டும் மாற்றியாச்சு, அது வீண் செலவு. புது சென்சார் நல்லதுதான்: ஆறிய நிலையில் 2.1 கிலோஓம், சூட்டில் 300 ஓம் பக்கம். நேற்று விளக்கு எரியும்போதே கனெக்டரின் பின்பக்கம் குண்டூசி செருகி, மீட்டரின் கருப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து அளந்தேன். இரண்டு கம்பியிலும் 5 வோல்ட்! கிரவுண்ட் கம்பியில் கிட்டத்தட்ட 0 இருக்க வேண்டும். அப்படியென்றால் கிரவுண்ட் கம்பி சூட்டில் எங்கோ விட்டுப்போகிறது. அதே கிரவுண்டைப் பகிரும் மேப் சென்சார் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அளப்பது) ரீடிங்கில் ஒரு குறையும் இல்லை.

அப்பாவை வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும் வண்டி, வழியில் நின்றுவிடக் கூடாது.

மேப் சென்சாரின் கிரவுண்ட் கம்பியிலிருந்து தனிக் கம்பி இழுத்து கூலன்ட் சென்சாரின் கிரவுண்ட் கம்பியில் சோல்டர் செய்துவிட்டால் நிரந்தரமாக ஓட்டலாமா, இல்லை ஹார்னஸை (கம்பிக் கட்டை) பிரித்தே ஆக வேண்டுமா?