புதுப்பிப்பு: ஓராண்டு இறைப்பணிக்குப் போவதா, வேண்டாமா?

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: படிப்பு முடிந்ததும் ஜீசஸ் யூத் என்ற கத்தோலிக்க இளைஞர் இயக்கத்தில் ஓராண்டு முழுநேரப் பணிக்குப் போவதா, இல்லை கைக்கு வந்த வேலையில் சேர்வதா என்று. பதில் எழுதிய அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் நன்றி.

போகிறேன்.

ஆனால் முடிவு சுலபமாக வரவில்லை. முதல் வாரம் நற்கருணை ஆராதனையில் மனம் நிறைந்திருந்தது, போகலாம் என்று தெளிவாகத் தோன்றியது. அடுத்த வாரம் மனதில் ஒரே வறட்சி, செபமே ஒட்டவில்லை. வேண்டாம் என்று எழுதிவிடப் போனேன். என் ஆன்ம வழிகாட்டியான சிஸ்டர்தான் தடுத்தார். மனம் வறண்டிருக்கும்போது, தெளிவில் எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பது இயேசு சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் தந்த விதி. "பத்து நாள் பொறும்மா" என்றார். பொறுத்தேன், தெளிவு திரும்பியது. யோசித்துக்கொண்டிருக்கும் எல்லாருக்கும் இதைத்தான் சொல்ல ஆசை.

கேரளத்தில் தளிர்த்து, 2016-இல் வத்திக்கானின் ஏற்பு பெற்ற இயக்கம் என்று அப்பாவிடம் விளக்கினேன். அவர் கேட்டது வேறு: "நகைக் கடன் வட்டி?" நோட்டை எடுத்து இருவரும் கணக்குப் போட்டோம். அந்த ஒரு வருட வட்டியைத் தானே கட்டுவதாக அண்ணன் சொல்லிவிட்டான். அம்மா எதுவும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால், பீரோவில் இருந்த பாட்டியின் செபமாலை என் பைக்குள் இருந்தது.

அப்புறம், கம்பெனிக்கும் சொல்லிவிட்டேன். அடுத்து பயிற்சி. செபத்தில் நினைத்துக்கொள்ளுங்கள்.