மும்பை சோர் பஜார்ல வாங்குன "ராணி" போட்டோ, ஏமாந்துட்டேனா?

செம்பூர்வாசி:
வெள்ளிக்கிழமை அங்க இருக்குற மட்டன் ஸ்ட்ரீட்ல சும்மா சுத்திட்டு இருந்தப்ப ஒரு வெள்ளைக்கார அம்மா போட்டோ கண்ணுல பட்டுச்சு, தலையில மூணு வெள்ளை இறகு, பின்னாடி மெல்லிசா வலைத்துணி, கவுனோட வால் தரையெல்லாம் கிடக்கு, இடுப்புன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியல. கடைக்கார பாய் இங்கிலீஷ் ராணி, அரண்மனை ஆல்பம்னு 1200 சொன்னாரு, பேசிப் பேசி 600க்கு எடுத்தேன். மூணரைக்கு அஞ்சரை இஞ்ச், கீழ பொடி எழுத்துல ராட்டரி போட்டோன்னு ஒரு நம்பர். பின்னாடி சிவப்பு ஸ்டாம்ப், தாடிக்காரர் தலை, ஏதோ கிறுக்கல். தேறுமா?

பழையபேப்பர்:
ராணி இல்ல ப்ரோ. அந்தக் காலத்துல லண்டன் அரண்மனையில ராஜா முன்னாடி முழங்கால் மடிச்சு வணக்கம் சொல்லப் போன பெரிய வீட்டுப் பொம்பளைங்களுக்கு அந்த இறகு கட்டாயமா இருந்துச்சு, கல்யாணம் ஆனவங்கன்னா மூணு, ஆகாதவங்கன்னா ரெண்டு. அந்த டிரஸ்லயே லஃபாயெட் மாதிரி ஸ்டுடியோல போய் படம் புடிச்சுக்குவாங்க, நம்மாளுங்க தாலி கட்டுன கையோட ஸ்டுடியோ போன மாதிரிதான். உங்க சைஸ் போஸ்ட்கார்டு. நடிகைங்க, பிரபு வீட்டு அழகிங்க படத்தையெல்லாம் ராட்டரி கம்பெனி கார்டா போட்டு வித்துச்சு, ஆல்பத்துல ஒட்டி வைக்கிறது அப்போ பெரிய கிறுக்கு. 600 கொஞ்சம் ஜாஸ்திதான்.

செம்பூர்வாசி:
அப்போ அச்சடிச்சதா 😐

பழையபேப்பர்:
லென்ஸ் வச்சுப் பாருங்க, புள்ளி புள்ளியா தெரிஞ்சா அச்சு. ராட்டரி பெரும்பாலும் நிஜ போட்டோ பேப்பர்லயே போட்டது, இருட்டான இடத்துல நீலமா வெள்ளி மாதிரி மினுக்குனா அது பழசோட அடையாளம், துடைச்சுடாதீங்க. அந்த இடுப்பை நம்பாதீங்க, கண்ணாடி நெகட்டிவ்லயே பென்சிலும் கத்தியும் வச்சு செதுக்கிருப்பாங்க 😄

தாராவி தபால்:
போட்டோவ விடுங்க சார், ஸ்டாம்பைச் சொல்லுங்க. வழுக்கைத் தலைன்னா ஏழாம் எட்வர்ட், 1902ல வந்தது, தலை நிறைய முடின்னா அவர் மகன் ஜார்ஜ். இங்கிலாந்து பென்னியா, நம்மூர் அணாவா?

செம்பூர்வாசி:
வழுக்கைதான். ஒரு பென்னி.

தாராவி தபால்:
அப்போ கார்டு கடல் தாண்டி வந்திருக்கு. இங்கிலாந்துக்குள்ளன்னா அரை பென்னி பச்சை ஸ்டாம்பே போதுமே. என்ன எழுதியிருக்கு?

செம்பூர்வாசி:
புள்ளி இல்ல, மினுக்குது! ஆனா மேல் மூலைய அம்மா நேத்தே ஈரத்துணியால தேச்சுட்டாங்க. அட்ரஸ் பம்பாய் பைகுல்லா, பேருக்கு முன்னாடி "மிஸ்"னு போட்ட ஒரு பொண்ணுக்கு. "உன் ஆல்பத்துல இந்த அம்மா இல்லைன்னியே, இந்தா. பதிலுக்கு எனக்கு ஒரு பம்பாய் படம் அனுப்பு", அவ்ளோதான்.

தாராவி தபால்:
எனக்குக் குடுக்குறீங்களா, 700.

செம்பூர்வாசி:
மாட்டேன் சார்.