கீயை இறக்கினால் ஏமாற்றா? ஜப்பானியக் கரோக்கே, பெண்கள் பாட்டு

நெய்தல்:
தம்பூரா55 நேற்று இங்கே "பெண்கள் பாட ஜப்பானியக் கரோக்கே பாட்டு பத்து"ன்னு பட்டியல் போட்டார். பாட்டுத் தேர்வுல எனக்குச் சண்டை இல்லை. அடியில எழுதின வரியிலதான் இருக்கு: "பாடகி பாடியதைப் பெண்கள் மூலச் சுருதியிலேயே பாட வேண்டும். கீயை இறக்குவது ஏமாற்று." கீன்னா பாட்டோட சுருதி, கரோக்கே பெட்டியில பொத்தானை அமுக்கி ஏத்தலாம், இறக்கலாம். பெண் குரல்னா எல்லாம் ஒரே அளவா? உடாடா ஹிகாருவோட 'ஃபர்ஸ்ட் லவ்' (1999) அந்தப் பட்டியல்ல முதல் பாட்டு. அது ஜி மேஜர்ல ஆரம்பிச்சு, கடைசிப் பல்லவியில அரை ஸ்வரம் மேல ஏறிடும். முதல் பல்லவி சௌகரியமா வருதுன்னு நம்பிப் போறவங்க கடைசியிலதான் மாட்டுவாங்க, கழுத்து இறுகும். சராசரிக் குரலுக்கு மைனஸ் 3, அதாவது மூணு அரை ஸ்வரம் கீழே, வச்சாதான் முழுப் பாட்டும் நிக்கும்.

தம்பூரா55:
மைனஸ் 3 வைத்தால் அது வேறு பாட்டு. பாடகி எந்தச் சுருதியில் பாடினாரோ அதில்தான் அந்தப் பாட்டின் நிறம் இருக்கிறது. குரல் எட்டவில்லை என்றால் சாதகம் செய்யுங்கள், பொத்தானை அமுக்காதீர்கள். மூலச் சுருதி மூலச் சுருதிதான்.

ஷிபுயா_மழை:
எனக்கும் இறக்குறது பிடிக்காது. பழைய கேசட் மெதுவா ஓடுற மாதிரி ஆயிடாதா?

நெய்தல்:
ஆகாது. பெட்டியில இருக்கிற இசை பெரும்பாலும் மிடி, அதாவது பதிவு பண்ணின ஒலி இல்லை, ஸ்வரக் குறிப்பைப் பார்த்துப் பெட்டியே வாசிக்கிறது. சுருதி மட்டும் நகரும், வேகம் அப்படியே நிக்கும். மதிப்பெண்ணும் குறையாது. டாம்ங்கற கரோக்கே பெட்டியோட செய்மிட்சு சைத்தென்ல, அதாவது ஸ்வரம் ஸ்வரமா அளந்து மதிப்பெண் போடுற முறையில, நீங்க வச்ச கீக்கு ஏத்தபடிதான் திரையில ஸ்வரக் கோடும் இறங்கும். ஒரு ஸ்தாயி தள்ளிப் பாடினாக்கூட ஸ்வரம் சரின்னா சரின்னுதான் எடுத்துக்கும். இதுல ஏமாற்று எங்கே வந்தது?

இன்னொண்ணு. திரையில கீ பூஜ்யம்னு காட்டினா அது மூலச் சுருதின்னு தம்பூரா55 நினைச்சிட்டிருக்கார். சில பாட்டுகளுக்குப் பெட்டி தானா வைக்கிற கீயே மூலத்துல இருந்து மாறியிருக்கும். அதுக்குத்தான் 'கெங்க்யோக்கு கீ'ன்னு தனிப் பொத்தான் வச்சிருக்கான். அதை அமுக்கினா பூஜ்யம் வேற எண்ணா மாறும். பூஜ்யத்துல பாடிட்டு மூலச் சுருதின்னு மார்தட்டுறவங்க ஒருமுறை அதை அமுக்கிப் பார்க்கட்டும்.

தம்பூரா55:
அந்தப் பொத்தான் எனக்கும் தெரியும். கெங்க்யோக்கு என்றாலே மூலப் பாட்டு என்றுதான் பொருள். பெட்டி செய்தவனே மூலத்துக்கு மரியாதை கொடுத்துத் தனிப் பொத்தான் வைத்திருக்கிறான். உங்களுக்குத்தான் மரியாதை இல்லை. ஐந்து கட்டைப் பாட்டை ஒன்றரைக் கட்டை இறக்கிவிட்டு அதற்குப் பாட்டு என்று பேர்.

கானல்வரி:
ஒரு நிமிஷம் ஐயா. மைனஸ் 3 எப்படி ஒன்றரைக் கட்டை? கட்டைங்கறது ஹார்மோனியத்துல சியை 1ன்னு வச்சு வெள்ளைக் கட்டையை எண்ற கணக்கு, நடுவுல வர்ற கறுப்பு அரை. ஜின்னா 5 கட்டை. மூணு அரை ஸ்வரம் இறங்கினா இ, அது 3 கட்டை. ரெண்டு கட்டை இறங்கியிருக்கு.

தம்பூரா55:
ஒரு படி அரைக் கட்டை. மூன்று படி ஒன்றரை. இதற்குமா விளக்கம்?

கானல்வரி:
மூணுக்கும் நாலுக்கும் நடுவுல கறுப்புக் கட்டை எங்கே இருக்கு? மூணரைன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. ஹார்மோனியத்தைத் திறந்து பாருங்க.

தம்பூரா55:
நான் ஹார்மோனியத்தை மூடியதே இல்லை. அதே பாட்டின் கடைசிப் பல்லவியை எடுங்கள். ஐந்தரைக்கு ஏறுகிறது. அதிலிருந்து மூன்று படி இறங்கினால் நாலு. ஐந்தரையிலிருந்து நாலு கழித்தால் என்ன? ஒன்றரை. நான் சொன்னது சரி.

கானல்வரி:
அது கடைசிப் பல்லவி. நீங்க சொன்னது ஐந்து கட்டைப் பாட்டுன்னு. ரெண்டு கட்டைதான்.

ஷிபுயா_மழை:
கட்டைக் கணக்கை விடுங்க. கீயை எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

நெய்தல்:
பாட்டோட முதல் வரியை வச்சுக் கீ பார்க்கக் கூடாது. பெரும்பாலான தப்பு அங்கேதான். பாட்டுலயே உயரமான இடத்தை, பொதுவா கடைசிப் பல்லவியை, ஜிகோஎல, அதாவது திறந்த நெஞ்சுக் குரல்ல, மூணு தடவை பாடணும். மூணாவது தடவை தாடை முன்னால தள்ளினா ஒண்ணு இறக்கணும். மறுபடி மூணு தடவை. தாடை அசையாம வர்ற இடம்தான் உங்க கீ. அதுக்கப்புறம் பாட்டோட அடிமட்ட வரியைப் பார்க்கணும், அது பெரும்பாலும் சரணத் தொடக்கத்துல இருக்கும். அங்க வார்த்தை காத்தாப் போச்சுன்னா அந்தப் பாட்டு உங்களுக்கு இல்லை, மாத்திடுங்க. நகாஜிமா மியுகியோட 'இத்தோ' அப்படித்தான். உயரம் பயமுறுத்தாது, ஆனா தொடக்கம் தாழ்வு. இன்னும் இறக்கினா முணுமுணுப்புதான் கேட்கும்.

ஆண் பாடகர் பாட்டை எடுத்தா எதிர்த்திசை. பிளஸ் 4, பிளஸ் 5ல ஆரம்பிச்சுப் பாருங்க.

பெட்டி அமைப்பும் முக்கியம். மைக் சத்தத்தைக் கூட்டுறதுக்கு முன்னால இசைச் சத்தத்தைக் குறைங்க. புதுப் பாட்டுன்னா வழிகாட்டி மெட்டோட, அதாவது நீங்க பாட வேண்டிய மெட்டைப் பெட்டி வாசிச்சுக் காட்டுறதோட, சத்தத்தை ரெண்டு படி ஏத்துங்க. மைக் தலையைக் கையால மூடிப் பிடிச்சா ஹவுலிங், அதாவது கீச்சுன்னு ஊளைச் சத்தம், வரும், குரலும் குடத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி ஆகும்.

தம்பூரா55:
பார்த்தீர்களா, 'இத்தோ'வை இறக்கக் கூடாது என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இதைத்தான் நான் முதலிலிருந்து சொல்கிறேன். ஹிதோதோ யோ பாடிய 'ஹனாமிசுகி' (2004) அழகே பல்லவியில் குரல் நெஞ்சிலிருந்து மெல்லிய கள்ளக்குரலுக்குத் தாவுவதில் இருக்கிறது. இறக்கினால் தாவ வேண்டிய அவசியமே போய்விடும். தட்டையாக, சமதரையில் நடப்பதுபோல ஆகிவிடும். மூலச் சுருதி!

நெய்தல்:
தாவல் எந்த ஸ்வரத்துல விழுதுங்கறது அவங்கவங்க குரலைப் பொறுத்தது. ஹிதோதோ யோவுக்கு அங்க தாவுது. தாழ்ந்த குரலுக்கு அதே கீயில ரெண்டு சொல் முன்னாடியே தாவிடும், அப்ப அந்த அழகு எங்கே போச்சு? ரெண்டு இறக்கினாத்தான் தாவல் அவர் தாவின அதே சொல்லுக்கு வந்து சேரும். நிறத்தைக் காப்பாத்தத்தான் இறக்கச் சொல்றேன். உங்களுக்கு எண்ணு மட்டும்தான் கண்ணுல படுது.

சாக்குரா_சுண்டல்:
'அமாகி கோஎ' பட்டியல்ல ஏன் இல்லை? இஷிகாவா சாயுரி, 1986. எங்கா, அதாவது பழைய பாணி ஜப்பானிய உருக்கப் பாட்டு, பாடாம என்ன கரோக்கே? நம்ம கமகம் தெரிஞ்சவங்களுக்கு கோபுஷி தண்ணி பட்ட பாடு.

கானல்வரி:
கமகம் வேற, கோபுஷி வேற. கோபுஷின்னா ஒரு உயிரெழுத்துல குரல் சட்டுனு ஒரு சுழி சுழிச்சு அதே ஸ்வரத்துக்குத் திரும்பிடணும். இழுத்து ஆட்டினா பெட்டி அதை விப்ராட்டோ, அதாவது குரல் அசைவு, கணக்குல போடும். கீழிருந்து வழுக்கி ஏறினா ஷாக்குரி. இதெல்லாம் செய்மிட்சு சைத்தென் திரையில தனித்தனியா எண்ணிக் காட்டும். கர்நாடகப் பழக்கத்துல எல்லா ஸ்வரத்தையும் கீழிருந்தே பிடிக்கிறவங்களுக்கு ஷாக்குரி எண்ணிக்கை எகிறும், ஸ்வரச் சுத்தம் விழும்.

தம்பூரா55:
கர்நாடகப் பழக்கம் என்று பொதுவாகப் பேச வேண்டாம். என்னைத்தான் சொல்கிறீர்கள் என்று தெரிகிறது. போன மாதம் எக்கோ அளவு விவாதத்திலும் இப்படித்தான் பக்கவாட்டில் குத்தினீர்கள்.

கானல்வரி:
எக்கோவைக் கூட்டினா தப்பு மறையும்னு எழுதினது நீங்கதானே? தப்பும் ரெண்டு தடவை கேட்கும்னு சொன்னேன். இப்பவும் அதையேதான் சொல்றேன்.

ஷிபுயா_மழை:
யோவாசோபியோட 'யோரு நி காகேரு'வுக்கு எவ்வளவு இறக்கணும்?

நெய்தல்:
அங்க முதல் எதிரி கீ இல்லை, மூச்சு. நிமிஷத்துக்கு 130 தட்டு, அதுக்கு மேல சொற்கள் நெருக்கமா விழுது. எங்க மூச்சு வாங்கணும்னு வரிகள்ல கோடு போட்டு வச்சுக்கங்க, வரி முடிவுல கடைசி உயிரெழுத்தைக் கொஞ்சம் வெட்டி வாங்கணும். கடைசியில சுருதி வேற மாறும், அங்க திரையில ஓடுற எழுத்தைப் பார்க்காம பக்கவாத்தியத்தைக் கேளுங்க.

தமிழ் காது தப்புப் பண்ற இடம் இன்னொண்ணு இருக்கு. நமக்கு மெய்யெழுத்து அரை மாத்திரை. ஜப்பானியத்துல 'ன்' முழு மாத்திரை. ஷிஞ்ஜுகுன்னு நாம மூணா தட்டுவோம், அவங்களுக்கு ஷி-ன்-ஜு-கு, நாலு. ஸப்போரோவும் நாலுதான், நடுவுல ஒரு தட்டு மௌனம். 'ன்'னுக்குத் தனி ஸ்வரமே வச்சிருக்கிற பாட்டு நிறைய உண்டு. அதை முந்தின எழுத்தோட ஒட்டிட்டா அந்த வரி முழுக்க அரைத் தட்டு முந்தி ஓடிடும். திரையில நிறம் மாறும் எழுத்துக்கும் உங்க வாய்க்கும் இடைவெளி தெரிஞ்சா முதல்ல இதைப் பாருங்க.

தம்பூரா55:
மாத்திரை எல்லாம் சரி. மாத்திரையை மூலத்தில் உள்ளபடியே பாடச் சொல்கிறீர்கள். சுருதியை மட்டும் ஏன் மூலத்தில் உள்ளபடி பாடக்கூடாது?

நெய்தல்:
மாத்திரை மொழியோடது. மாத்தினா சொல்லே மாறிடும். சுருதி தொண்டையோடது. 'ஃபர்ஸ்ட் லவ்' வெளிவந்தப்ப உடாடாவுக்கு 16 வயசு. அந்தத் தொண்டைக்கு வச்ச சுருதியை எல்லாப் பொண்ணுங்களும் ஒப்பிக்கணும்னு எந்தப் பெட்டியிலயும் எழுதலை. மைனஸ் 3.

தம்பூரா55:
16 வயதுப் பெண்ணால் முடிந்தது மற்றவர்களால் முடியாதா? சாதகம் போதாது, அவ்வளவுதான். பூஜ்யம்.

நெய்தல்:
கெங்க்யோக்கு கீயை அமுக்கிட்டுப் பூஜ்யம்னு சொல்லுங்க. மைனஸ் 3.

சாக்குரா_சுண்டல்:
'அமாகி கோஎ'வை யாராவது பட்டியல்ல சேர்ப்பீங்களா மாட்டீங்களா?

கானல்வரி:
ரெண்டு கட்டை.

தம்பூரா55:
ஒன்றரை.