டிரை ஐஸை விடாமல் அழுத்தினால் மணலாகுமா?

மணல்வீடு:
பதினொன்றாம் வகுப்புக்கு வேதியியல் எடுக்கிறேன். நேற்று ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், கார்பனுக்கு நேர் கீழேதான் சிலிக்கான். சிலிக்கான் டை ஆக்சைடு மணல், கார்பன் டை ஆக்சைடு மட்டும் ஏன் வாயு? டிரை ஐஸை, அதாவது உறைந்த கார்பன் டை ஆக்சைடைப் போட்டு நசுக்கினால் அதுவும் மணலாகுமா?" கார்பன் இரட்டைப் பிணைப்பு போடும், சிலிக்கானுக்கு அது சரிவராது என்று பாதி பதில் சொல்லித் தப்பித்தேன். மீதியைச் சொல்லுங்களேன்.

வைரமுனை:
ஆகும் டீச்சர். 1999-லேயே அமெரிக்காவில் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வுக்கூடத்தில் ஆக்கிவிட்டார்கள். 40 கிகாபாஸ்கல் அழுத்தம், கூடவே லேசரால் 1800 கெல்வின் சூடு. பூமிக்குள் ஆயிரம் கிலோமீட்டர் இறங்கினால் இருக்கும் அழுத்தம் அது.

டிரை ஐஸில் ஒவ்வொரு மூலக்கூறும் தனிக்குடித்தனம். அழுத்தும்போது முதலில் குறைவது நடுவில் உள்ள காலி இடம்தான். அது தீர்ந்த பிறகு பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜன் கார்பனை நெருங்குகிறது, இரட்டைப் பிணைப்பு அவிழ்கிறது. கடைசியில் ஒரு கார்பனுக்கு நான்கு ஆக்சிஜன், ஒரு ஆக்சிஜனுக்கு இரண்டு கார்பன். மணலின் அதே கணக்கு! படிக அமைப்பு முதலில் குவார்ட்ஸ் மாதிரி என்றார்கள். 2012-இல் கிறிஸ்டோபலைட் (சிலிக்கான் டை ஆக்சைடின் இன்னொரு படிக வடிவம்) வகை என்று தெளிவானது.

நல்ல இரட்டைப் பிணைப்பை ஏன் விட வேண்டும்? பலகையில் இதைப் போட்டுக் காட்டுங்கள்: அழுத்தம் பெருக்கல் கன அளவு. 40 கிகாபாஸ்கலில் ஒரு மோல் வெறும் 1 கன சென்டிமீட்டர் சுருங்கினாலே 40 கிலோஜூல் லாபம். நம் வளிமண்டல அழுத்தத்தில் அதே சுருக்கத்துக்கு 0.1 ஜூல். இடத்தை மிச்சப்படுத்தும் அமைப்பு அங்கே ஜெயிக்கிறது. சூடு எதற்கென்றால், பழைய பிணைப்பை அவிழ்க்கும் தடையைத் தாண்ட.

நான் இந்த அழுத்தத்தைத் தரும் வைரச் செல்களோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டியவன். எதிரெதிரே இரண்டு வைரங்கள், நடுவே ரீனியம் என்ற உலோகத் தகட்டில் 0.1 மில்லிமீட்டர் துளை. அதற்குள்தான் உங்கள் டிரை ஐஸ், பக்கத்தில் அழுத்தமானியாக ஒரு மாணிக்கத் துணுக்கு; அழுத்தம் ஏற ஏற அது விடும் சிவப்பு ஒளியின் அலைநீளம் நகரும். ஒரு தடவை வைரங்களை நேர்பார்க்காமல் திருகை முடுக்கிவிட்டேன். "டிக்" என்று ஒரு சின்ன சத்தம், அவ்வளவுதான். ஒரு மாதம் வழிகாட்டியின் முகத்தைப் பார்க்கவில்லை.

இரவுக்கோட்டான்:
நைட்ரஜனிலும் இது நடக்கும். 2004-இல் ஜெர்மனியில், மைன்ஸில், 110 கிகாபாஸ்கலில் 2000 கெல்வினுக்கு மேல் சூடாக்கினார்கள். மும்மைப் பிணைப்பு போய், ஒவ்வொரு அணுவும் மூன்று பக்கமும் ஒற்றைப் பிணைப்போடு நின்றது.

மணல்வீடு:
அருமை! அழுத்தத்தை எடுத்த பிறகும் அந்த 'மணல்' அப்படியே இருக்குமா? வகுப்பில் காட்டலாமே என்ற ஆசைதான்.

வைரமுனை:
முழுக்கத் தளர்த்தும் வரை தாங்காது டீச்சர். அறை வெப்பநிலையில் 1 கிகாபாஸ்கல் அருகே வரை பிடித்து நிற்கும், அப்புறம் பழையபடி மூலக்கூறுதான். காட்ட வேண்டுமென்றால் கறுப்பு பாஸ்பரஸ் தேடுங்கள். காற்று பட்டால் தீப்பிடிக்கும் வெள்ளை பாஸ்பரஸை அமெரிக்க இயற்பியலாளர் பிரிட்ஜ்மன் 1914-இல் 200 டிகிரியில் 1.2 கிகாபாஸ்கலுக்கு அழுத்தியபோது கிடைத்தது. நான்கு நான்கு அணுக்களாகத் தனியே கிடந்தது அடுக்கடுக்கான வலையாகிவிட்டது. அது வெளியே எடுத்தாலும் திரும்பிப் போகாது.