கப்பலோட்டிய தமிழனும் ரெண்டு கறுப்புப் பட்டையும்

மாட்டுங்கா மைனர்:
வ.உ.சி. பிறந்தநாளுக்கு நம்ம ஹால்ல ‘கப்பலோட்டிய தமிழன்’ போட்டாங்களே, பார்த்தீங்களா? ரெண்டு பக்கமும் கறுப்புப் பட்டை, நடுவுல ஒட்டினாப்ல படம். அவ்வளவு பெரிய திரையை வாடகைக்கு எடுத்துட்டு முழுப்படம் காட்டத் தெரியலை. ரிமோட்ல ‘ஃபுல்’னு ஒரு பட்டன் இருக்கு, அமுக்குங்கப்பா. அப்படியே கலரும் அடிச்சிடலாம், சாஃப்ட்வேர்தான் இருக்கே.

பயாஸ்கோப் பாண்டுப்:
மைனர் சார், நீங்க பார்த்ததுதான் முழுப்படம். 1961-ல பந்துலு எடுத்தது ஏறக்குறைய 4:3 சட்டம், அதாவது அகலம் நாலுன்னா உயரம் மூணு. தமிழ்ல சினிமாஸ்கோப்னு அகலத்திரைப் படம் வந்ததே 1973-ல, ‘ராஜராஜ சோழன்’ல. 8 அடி உயரத் திரையில 4:3 படம் 10 அடி 8 அங்குல அகலம்தான் வரும். 16:9 திரை 14 அடி சொச்சம். பக்கத்துக்கு ஒன்றேமுக்கால் அடி கறுப்பு நின்னே தீரும்.
‘ஃபுல்’ அமுக்கினா சிவாஜி மூணுல ஒரு பங்கு குண்டாவார். கோவை ஜெயில்ல செக்கிழுக்கிற ஆள் துரும்பா தெரியணுமா, தொந்தியோட தெரியணுமா? ‘ஜூம்’ அமுக்கினா உயரத்துல கால்வாசி காலி. டைட்டில்ல பேர்கள் பாதி அறுந்து நிற்கும், நெருக்கக் காட்சியில தலைப்பாகை போயிடும்.

மாட்டுங்கா மைனர்:
குண்டா ஒல்லியான்னு டேப் வெச்சா அளக்கறோம்? திரை நிறையணும். அதுக்குப் பேர்தான் முழுப்படம்.

செம்பூர் சுந்தரி:
பட்டையை விடுங்க. வ.உ.சி. கதையில ஜெமினிக்கும் சாவித்திரிக்கும் டூயட் எதுக்கு? அந்த நேரத்துக்கு வழக்கையும் மேல்முறையீட்டையும் விளக்கியிருக்கலாம். 1908 ஜூலையில இரட்டை ஆயுள் தண்டனை வாங்கினவர் 1912 டிசம்பர்லயே எப்படி வெளியில வந்தார்னு பக்கத்துல உட்கார்ந்த பிள்ளைங்களுக்குப் புரியவே இல்லை.

தாராவி தாமிரபரணி:
யக்கா, அது டூயட் இல்லை, பாரதி பாட்டு. ஜி. ராமநாதன் இசை, ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் பாடினது. கை வைக்காதீய. கப்பலைப் பத்தி ஒருத்தரும் பேசலையே? 1906-ல பங்கு ஒண்ணு 25 ரூவா, 40,000 பங்கு, 10 லட்சம் மூலதனம்னு கம்பெனி போட்டாரு. வாடகைக் கப்பலை வெள்ளைக்காரக் கம்பெனி மிரட்டிப் பிடுங்கிச்சு. அப்புறம் அவரு கப்பல் தேடி வந்தது இந்தப் பம்பாய்க்குத்தாம்வே!

பயாஸ்கோப் பாண்டுப்:
பாட்டுன்னதும் ஞாபகம் வருது. அன்னிக்கு ஓடின ஃபைல் பழைய டிவி கேசட்லேர்ந்து எடுத்தது. நொடிக்கு 24 ஃபிரேம்னு எடுத்ததை 25-ல ஓட்டினா 4 சதவீத வேகம் கூடும், ஸ்ருதி கிட்டத்தட்ட அரைக்கட்டை ஏறும். சுசீலா குரல் கீச்சுன்னு கேட்டதுக்கு ஸ்பீக்கரைத் திட்டினீங்க. இதெல்லாம் சரிபண்ணலாம். ஆனா சட்டத்தை இழுத்தா அழிச்சாட்டியம்.
ஆபரேட்டருக்குச் சொல்லுங்க: புரொஜெக்டர் மெனுவுல ஆஸ்பெக்ட், அதாவது அகல-உயர விகிதம், ‘ஆட்டோ’ வேண்டாம், 4:3-னு கையால வைக்கணும். ஃபைலையே எவனாவது இழுத்து ஏத்தியிருந்தா மெனு காப்பாத்தாது. வண்டிச் சக்கரம் வர்ற காட்சியில நிறுத்திப் பாருங்க. முட்டை மாதிரி இருந்தா ஃபைல் தப்பு.

மாட்டுங்கா மைனர்:
மாமாவுக்குச் சக்கரம், ஸ்ருதி எல்லாம் தெரியும், ஜனங்க எழுந்து போனது மட்டும் தெரியாது. கட்டபொம்மனை 1959-லயே கேவாகலர்ல எடுத்த அதே பந்துலுதான் இதையும் எடுத்தார். காசு இருந்தா இதுவும் கலர்தான்.

பயாஸ்கோப் பாண்டுப்:
அது உங்க யூகம். எங்கிட்ட இருக்கிறது படம். கறுப்பு வெள்ளைன்னு தெரிஞ்சேதான் விளக்கு வெச்சிருக்காங்க. முகத்தையும் பின்சுவரையும் வெளிச்சத்தாலதான் பிரிச்சிருக்காங்க. சாஃப்ட்வேர் அது மேல நிறம் பூசினா, ஒரே கதர்ச்சட்டை ஒரு ஷாட்ல பழுப்பு, அடுத்ததுல நீலம். பூசுற முன்னாடி சட்டத்தை ஒழுங்கா வைங்க. 4:3.

செம்பூர் சுந்தரி:
மேல்முறையீடு பத்திக் கேட்டேன். நீங்க சட்டைக்குப் போயிட்டீங்க.

தாராவி தாமிரபரணி:
எஸ்.வி. சுப்பையா பாரதியா வந்து நின்னா யாருய்யா பட்டையைப் பார்ப்பா?

மாட்டுங்கா மைனர்:
நான் பார்த்தேன். ஒன்றேமுக்கால் அடின்னு உங்க மாமாவே அளந்து சொல்லிட்டாரே! ரெண்டு பக்கமும் சேர்த்தா மூணரை அடி திரை வீண். அதுக்கும் சேர்த்துத்தானே வாடகை?

பயாஸ்கோப் பாண்டுப்:
அப்போ 4:3 திரை வாடகைக்கு எடுங்க. செலவும் குறையும்.