ரேக் இடுக்கில் ஓர் அரை அடி

ஒரகடம், கிடங்கு ஷிஃப்ட் பொறுப்பாளர்:

முதுகோடு முதுகாக நிற்கும் இரண்டு ரேக்குக்கு (சரக்கு அடுக்கும் இரும்பு அலமாரி) நடுவே 150 மி.மீ. இடைவெளி விட்டிருப்பார்கள். அதை வீண் இடம் என்றே பல வருடம் நினைத்திருந்தேன். எங்களுடையது 11 மீட்டர் உயர ரேக். தீபாவளி சீசனில் திரும்பி வரும் சரக்குக்கு இடமில்லை என்றால் பேலட்டுக்கு (சரக்கு ஏற்றிவைக்கும் பலகை) பின்னால், அந்த இடைவெளியில் அட்டைப்பெட்டிகளைச் செருகிவிடுவோம். பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

ஒரு இரவு இரண்டாம் தட்டில் தீ. எப்படிப் பிடித்தது என்பது வேறு கதை (ஒட்டுப்போட்ட ஒயர்). பவுடர் சிலிண்டரோடு ஓடினேன். பவுடர் முன்னால் இருந்த பெட்டிகள்மேல் வெள்ளையாகப் படிந்தது, அவ்வளவுதான். தீ பின்பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் மேல்தட்டில் சரக்கைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் தாள் (ஸ்ட்ரெச் ஃபிலிம்) உருகிச் சொட்ட ஆரம்பித்தது. கூரை ஸ்பிரிங்ளர் (சூடேறினால் தானே திறந்து தண்ணீர் தெளிப்பது) திறந்ததும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் தண்ணீர் மேல் பேலட்டில் விழுந்து, ஃபிலிம்மீது வழிந்து, நடைவழியில் கொட்டியது. நான் நனைந்தேன், தீ நனையவில்லை.

தீயணைப்பு வண்டி வந்து, இரண்டு பக்கமும் ஹோஸ் பிடித்த பிறகுதான் அடங்கியது. மறுநாள் பார்த்தால், எதுவும் செருகாத பக்கத்து வரிசையில் தண்ணீர் கீழ்த்தட்டு வரை இறங்கிப் பெட்டிகள் ஊறிக் கிடந்தன. செருகிய வரிசை கரி.

இடைவெளி விட்டால் தீ புகைபோக்கியில் ஏறுவதுபோல் ஏறாதா என்று கேட்பீர்கள். ஏறும். நேராக ஏறி, தனக்கு மேலே இருக்கும் ஸ்பிரிங்ளரையே திறக்கும்; தண்ணீரும் அதே வழியில் இறங்கும். அடைத்துவிட்டால் தீ பக்கவாட்டில் பரவும், எங்கெங்கோ இருக்கும் ஸ்பிரிங்ளர்கள் திறந்து அழுத்தம் குறையும்.

ஓய்வுபெற்ற தீயணைப்பு அலுவலர்:

தம்பி, நீங்கள் தப்பியது பெரிது. இப்படிப்பட்ட குடோனுக்குள் ஆளை அனுப்புவதற்கு முன் நாங்கள் பலமுறை யோசிப்போம். 600 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது எஃகின் பலம் பாதியாகிவிடும். மேலே ஊறிய அட்டைப்பெட்டிகளின் கனம் வேறு. ஒரு ரேக் சாய்ந்தால் அடுத்ததையும் இழுத்துக்கொண்டு போகும். புகை இறங்கிவிட்டால் எல்லா நடைவழியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒருமுறை நானே ஹோஸைத் தடவித் தடவி வெளியே வந்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஆதர்ஸ்டோன் ஆன் ஸ்டௌர் காய்கறிக் கிடங்குத் தீயில் 2007 நவம்பரில் நான்கு வீரர்கள் இறந்தார்கள். தென்கொரியாவின் இச்சியோனில் 2021 ஜூனில் எரிந்த கூபாங் கிடங்கில் உள்ளே போன ஓர் அதிகாரி திரும்பவில்லை. அங்கே அலாரம் அடித்தபோது பொய் அலாரம் என்று நினைத்துப் பலமுறை நிறுத்தியிருக்கிறார்கள்.

கேட்டில் ஒரு ரேக் வரைபடம் வையுங்கள். எந்த வரிசையில் பெயின்ட், எதில் ஸ்ப்ரே டப்பா என்று தெரிந்தாலே எங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. அப்புறம், சரக்கு நனைகிறதே என்று யாராவது ஸ்பிரிங்ளர் வால்வை மூடப் போனால் கையைப் பிடித்து நிறுத்துங்கள்.

பராமரிப்பு எலக்ட்ரீஷியன்:

வால்வை விடுங்கள் சார், எங்கள் பம்ப் ரூமில் ஸ்பிரிங்ளருக்குத் தண்ணீர் தள்ளும் மெயின் பம்ப் மேனுவலில் கிடந்தது; யாராவது போய்ப் போட்டால்தான் ஓடும். ராத்திரியில் சத்தம் போடுகிறது என்று யாரோ திருப்பி வைத்திருக்கிறார். பச்சை விளக்கு மட்டும் ஜோராக எரிந்துகொண்டிருந்தது.

ஒரகடம், கிடங்கு ஷிஃப்ட் பொறுப்பாளர்:

வரைபடம் ஒட்டியாச்சு ஐயா. இடைவெளி ஓரங்களில் சிவப்பு டேப்பும் ஒட்டினோம். ஆனாலும் நேற்று ரவுண்டு போனபோது டேப்புக்குப் பின்னாலிருந்து மூன்று பெட்டி உருவினேன்.