பெருந்துறை – கோவை போய்வர பழைய பெட்ரோல் கார்: இந்த ஹோண்டா சிட்டியை எடுக்கலாமா? நாளைக்குள் முடிவு சொல்லணும்

மஞ்சள்காடு | வெள்ளி, இரவு 10:14

வணக்கம் நண்பர்களே. வேலை கோவைக்கு மாறிவிட்டது. பைபாஸில் போய்வர ஒரு பழைய பெட்ரோல் கார் தேடுகிறேன், வீட்டுக்கும் அதுதான் வண்டி. இன்று ஈரோட்டில் ஒரு ஹோண்டா சிட்டி பார்த்தேன். வெள்ளை, 48,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, உள்ளே புது வண்டி மாதிரி இருக்கிறது. ஓட்டிப் பார்த்தேன், நன்றாகப் போகிறது. நாளை மாலை இன்னொரு பார்ட்டி பார்க்க வருகிறாராம். அதற்குள் 25,000 அட்வான்ஸ் கொடுத்தால் எனக்கு நிறுத்தி வைப்பதாக புரோக்கர் சொல்கிறார். எடுக்கலாமா? கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள்.

அவிநாசி_ரோடு | வெள்ளி, இரவு 10:31

எந்த வருஷ மாடல்? மேனுவலா, சி.வி.டி. ஆட்டோமேட்டிக்கா? எத்தனாவது ஓனர்? என்ன விலை சொல்கிறார்கள்? பதிவு எண் எந்த ஊர்? இதெல்லாம் தெரியாமல் எப்படிங்க சொல்வது?

பழைய_பிஸ்டன் | வெள்ளி, இரவு 10:40

தம்பி, கேள்வியையே சரியாகக் கேட்கவில்லை. "நன்றாகப் போகிறது" என்பது ஒரு தகவலே இல்லை. பாலீஷ் போட்டு, ஆயில் மாற்றி, சீட்டைக் கழுவி நிறுத்தினால் எந்த வண்டியும் பத்து நிமிஷம் நன்றாகத்தான் போகும். இதை இங்கே எத்தனை முறை எழுதிவிட்டேன், புதிதாக வருபவர்கள் பழைய இழைகளைப் படிப்பதே இல்லை.

அடுத்தது, பெருந்துறையிலிருந்து கோவைக்கு தினம் போய்வந்தால் வருஷத்துக்கு 40,000 ஓடும். அவ்வளவு ஓட்டத்துக்குப் பெட்ரோல் வண்டி வாங்குவது தப்பு. டீசல் பாருங்கள். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 10:58

பிஸ்டன் சார், அவர் தினமும் போகிறாரா என்றே சொல்லவில்லையே. மஞ்சள்காடு, வாரத்தில் எத்தனை நாள்? வீட்டில் எத்தனை பேர்?

ராஜி_திருப்பூர் | வெள்ளி, இரவு 11:05

ஈரோட்டிலிருந்து கோவைக்கு ரயிலே நிறைய இருக்கிறதே, காரே வேண்டாமே. நான் நாலு வருஷமாக ரயிலில்தான் போய்வருகிறேன்.

மஞ்சள்காடு | வெள்ளி, இரவு 11:20

மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 2017 மாடல், மேனுவல், இரண்டாவது ஓனர், 6.10 லட்சம் சொல்கிறார்கள். பதிவு டிஎன் 22. அலுவலகம் பீளமேட்டில், ஒரு வழிக்கு 75 கிலோமீட்டர். வாரத்தில் மூன்று நாள்தான், மற்ற நாள் வீட்டிலிருந்தே வேலை. நான், மனைவி, இரண்டு குழந்தைகள், அப்பா. டீசல் வேண்டாம். மீதி நாள் குழந்தைகளைப் பள்ளியில் விட ஒன்றரை கிலோமீட்டர்தான் ஓடும். ராஜி அக்கா, வேலை முடியவே இரவு ஒன்பதரை ஆகிவிடும், ரயில் ஒத்துவராது.

கணக்குப்பிள்ளை | வெள்ளி, இரவு 11:42

இப்போது விஷயமே வேறு. மாதம் 13 நாள், நாளுக்கு 150, சுமார் 1,950 கிலோமீட்டர். வருஷத்துக்கு 23,000 வரும், 40,000 இல்லை.

பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தால் மாதம் 122 லிட்டர். அதே அளவு டீசல் வண்டி 20 கொடுத்தால் 98 லிட்டர். இரண்டின் விலையையும் வைத்துப் பார்த்தால் டீசலில் மாதம் மூவாயிரம் சொச்சம் மிச்சம். அது நிஜம்தான், மறைக்க வேண்டாம். ஆனால் இந்த விலைக்குக் கிடைக்கிற டீசல் ஒரு லட்சத்துக்கு மேல் ஓடியதாகத்தான் இருக்கும். ஒரு முறை இன்ஜெக்டரும் கிளட்சும் செலவு வைத்தால் இரண்டு வருஷ மிச்சம் போய்விடும். புகை வடிகட்டி வைத்த பி.எஸ்.6 டீசலை ஒன்றரை கிலோமீட்டர் பள்ளி ஓட்டத்துக்கு வைத்தால் அந்த வடிகட்டி அடைத்துக்கொள்ளும். பைபாஸ் நாள்கள் அதைச் சரிசெய்யும்தான், இருந்தாலும் இவருக்குப் பெட்ரோல் தப்பில்லை.

சுங்கக் கணக்கையும் சேருங்கள். விஜயமங்கலம், கணியூர் என இரண்டு சாவடி, போக வர நாலு தடவை. ஃபாஸ்டேக் ஆண்டுப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15 அன்று வந்தபோது 3,000 ரூபாய்க்கு 200 தடவை. "ஆண்டு" என்று பெயர் இருந்தாலும் உங்களுக்கு 50 வேலை நாளில், அதாவது நாலே மாதத்தில் தீர்ந்துவிடும். ஆனாலும் தடவைக்கு 15 ரூபாய்தான் ஆகிறது, தீர்ந்ததும் மறுபடி எடுங்கள்.

ஸ்பேனர்_செட் | சனி, காலை 6:15

முப்பது வருஷமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். அந்த சிட்டி இன்ஜின் நல்ல இன்ஜின். டைமிங் செயின் உள்ளது, பெல்ட் மாற்றும் செலவு கிடையாது. ஆயில் ஒழுங்காக மாற்றியிருந்தால் இரண்டு லட்சம் தாண்டியும் ஓடும். எனக்குச் சந்தேகம் வண்டி மேல் இல்லை, அந்த 48,000 மேல்தான்.

சென்னை வண்டி, இரண்டு ஓனர், எட்டு வருஷம், 48,000. இருக்கவே இருக்காது என்று சொல்ல மாட்டேன். ஆனால் மீட்டரைக் குறைப்பது இப்போது அரை மணி நேர வேலை. அதனால் மீட்டரைப் பார்க்காதீர்கள், மற்றதைப் பாருங்கள்.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 1217 என்றால் 2017ஆம் ஆண்டின் 12ஆவது வாரம். கம்பெனி டயர் நாற்பது, ஐம்பதாயிரம் வரை வரும். நாலும் 2017 டயராக இருந்தால் ஓட்டம் உண்மையாக இருக்கலாம். ஆனால் எட்டு வயது டயரில் பைபாஸில் போகவே கூடாது, விலையில் இருபதாயிரமாவது குறைக்கச் சொல்லுங்கள். டயர் 2020ல் மாற்றியதாக இருந்து, அதுவும் தேய்ந்து கிடந்தால் 48,000 பொய்.

கிளட்ச், பிரேக் பெடல் ரப்பரைப் பாருங்கள். வழவழவென்று தேய்ந்திருந்தாலும் சந்தேகம், அது மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலும் சந்தேகம். ஓட்டுநர் சீட்டின் வெளி ஓரத்தை அமுக்கிப் பாருங்கள். முன் கண்ணாடியை மாலை வெயிலுக்கு எதிரே நின்று பாருங்கள், பைபாஸில் லட்சம் ஓடிய கண்ணாடியில் மணல் குத்திய பொடிப் புள்ளிகள் தெரியும். கண்ணாடியின் மூலையில் தயாரித்த வருஷக் குறி இருக்கும், அதையும் வண்டி வருஷத்தோடு ஒப்பிடுங்கள், கண்ணாடியை மாற்றியிருந்தால் தெரிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலே, கம்பெனி சர்வீஸ் சென்டரில் வண்டி எண்ணைக் கொடுத்து சர்வீஸ் வரலாறு கேளுங்கள். ஓனரின் சம்மதம் கேட்பார்கள், அவரைப் போனில் பேசச் சொல்லுங்கள். பேச மாட்டேன் என்று அவர் சொன்னால் அதுவே பதில். அட்வான்ஸ் அதுக்கு அப்புறம்தான்.

வேளச்சேரி_வாசி | சனி, காலை 7:02

டிஎன் 22 என்றதும் எழுதத் தோன்றியது. அது மீனம்பாக்கம் பதிவு, எங்கள் பக்கத்து வண்டி. 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் என் கார் சீட் வரை தண்ணீரில் இரண்டு நாள் நின்றது. இன்சூரன்ஸில் மொத்த இழப்பாக எடுத்துக்கொண்டார்கள். அப்படி ஏலத்தில் போகிற வண்டிகளில் சில, கழுவித் துடைத்து, வெள்ளம் பார்க்காத ஊர்களில் விற்பனைக்கு வரும்.

நீங்கள் "உள்ளே புது வண்டி மாதிரி" என்று எழுதியதுதான் எனக்குப் பயம். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், அடியில் சேற்றுக் கோடு இருக்கும், அதை யாரும் கழுவ மாட்டார்கள். சீட் ரயில் போல்ட்டில் துருவைப் பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி, அந்தக் குழியைப் பாருங்கள். தரைக் கம்பளத்தைத் தூக்கி, அடியில் உள்ள பஞ்சைத் தொட்டு முகர்ந்து பாருங்கள். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு வெயிலில் பத்து நிமிஷம் வண்டிக்குள் உட்காருங்கள். அந்த வாசனையை ஒரு தடவை அனுபவித்தவர்கள் மறக்க மாட்டார்கள். வாசனைத் திரவியம் தொங்கவிட்டிருந்தால் முதலில் அதைக் கழற்றி வெளியே வையுங்கள்.

வெள்ளம் பார்த்த வண்டி இன்றைக்கு ஓடும். ஒன்றரை வருஷம் கழித்து ஒயரிங் கனெக்டர்கள் பச்சை பூத்து, ஏர்பேக் விளக்கு எரிய ஆரம்பிக்கும். குழந்தைகளை ஏற்றிப் போகும் வண்டி, தயவுசெய்து பார்த்துவிடுங்கள்.

பழைய_பிஸ்டன் | சனி, காலை 8:20

மூன்று நாள் என்று முதலிலேயே சொல்லியிருந்தால் நேரம் வீணாகியிருக்காது. சரி, பெட்ரோல்தான் என்றால் 2023 ஏப்ரலுக்கு முந்தைய எதையும் தொடாதீர்கள். இப்போது பம்பில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அதாவது இ20. 2017 வண்டியில் ஊற்றினால் ரப்பர் பைப், கேஸ்கெட் எல்லாம் கரைந்துவிடும்.

எத்தனால்_நண்பன் | சனி, காலை 8:33

கரைந்துவிடும் என்பது மிகை. 2009 ஜனவரியிலிருந்து இங்கே தயாரித்த தங்கள் கார்களின் பாகங்கள் இ20 பெட்ரோலைத் தாங்கும் என்று ஹோண்டா இந்தியாவே 2025ல் சொல்லிவிட்டது. எல்லாக் கம்பெனிகளும் அப்படிச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆனால் இந்த இழை ஹோண்டாவைப் பற்றியது.

பழைய_பிஸ்டன் | சனி, காலை 8:41

கம்பெனி சொல்வதை நம்புகிறவர்கள் நம்பட்டும். என் வண்டியில் 17 கொடுத்தது இப்போது 15.

எத்தனால்_நண்பன் | சனி, காலை 8:55

மைலேஜ் குறைவதை நான் மறுக்கவில்லை சார். ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலை விட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்றால் சுத்த பெட்ரோலோடு ஒப்பிடும்போது ஆறு, ஏழு சதவீதம் போகும். ஏற்கனவே 10 சதவீதம் கலந்ததைத்தான் ஊற்றிக்கொண்டிருந்தோம், அதிலிருந்து பார்த்தால் இன்னும் குறைவு. 17 என்பது 16 ஆகலாம். 15 ஆனால் டயர் காற்றையும் ஏர் ஃபில்டரையும் பாருங்கள்.

சக்கரம்_77 | சனி, காலை 9:10

இவருக்கு எத்தனால் ஊற்றினால் தண்ணீர் பிரியும் என்று யாராவது சொல்லுங்கள். என் நண்பர் வண்டியில் டேங்கில் தண்ணீர் நின்றது. எத்தனால் இல்லாத 100 ஆக்டேன் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும்.

ஸ்பேனர்_செட் | சனி, காலை 9:26

மாதக்கணக்கில் ஓடாமல் நிற்கிற வண்டியில், ஈரம் இறங்கினால் பிரியும். மஞ்சள்காடு பத்து நாளுக்கு ஒரு டேங்க் காலி செய்யப் போகிறார், தண்ணீர் பிரிய நேரம் எங்கே இருக்கிறது? 100 ஆக்டேன் லிட்டர் 150 ரூபாய்க்கு மேல். மாதம் 122 லிட்டருக்கு அதை ஊற்றச் சொல்வது நியாயமா? பழைய டேங்கில் படிந்த அழுக்கை எத்தனால் கிளப்பிவிடும், அது உண்மை. வாங்கினதும் ஃபியூவல் ஃபில்டரைச் சோதிக்கச் சொல்லுங்கள், போதும்.

அவிநாசி_ரோடு | சனி, காலை 9:48

கேட்டவர் அட்வான்ஸ் கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டார். எத்தனாலுக்குத் தனி இழை திறந்துகொள்ளுங்களேன்.

மஞ்சள்காடு, பேப்பர் வேலையையும் கவனியுங்கள். எம்பரிவாகன் செயலியில் எண்ணைப் போட்டால் வண்டி மேல் கடன் நிற்கிறதா என்று தெரியும். கடன் அடைத்திருந்தாலும் படிவம் 35 கொடுத்து ஆர்.சி.யில் நீக்கியிருக்க வேண்டும். பெயர் மாற்றும் படிவம் 29, 30ல் ஓனர் உங்கள் எதிரில் கையெழுத்துப் போடட்டும். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். நோ கிளைம் போனஸ், அதாவது கிளைம் கேட்காததற்கான தள்ளுபடி, பழைய ஓனருடையது, அது வண்டியோடு வராது. பழைய பாலிசியில் கிளைம் ஏதாவது நடந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இது அமையாவிட்டால் மாருதி சியாஸும் பாருங்கள். 2018 ஆகஸ்டுக்கு அப்புறம் வந்த 1.5 லிட்டர் பெட்ரோல். பின்சீட் அகலம், உங்கள் அப்பாவுக்கு வசதி, டிக்கி 510 லிட்டர், மைலேஜும் அதிகம். 2025 ஏப்ரலில் நிறுத்திவிட்டார்கள், ஆனால் அதே இன்ஜின் எர்டிகாவிலும் இருந்ததால் பாகங்களுக்குப் பயம் இல்லை. நிதானமாக 90ல் போகிறவருக்கு நல்ல வண்டி. வேகமாக முந்திப் போகிறவர் என்றால் சிட்டிதான்.

ராஜி_திருப்பூர் | சனி, காலை 10:15

எதை எடுத்தாலும் குழந்தை இருக்கை மாட்டும் ஐசோஃபிக்ஸ் கொக்கி பின்சீட்டில் இருக்கிறதா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். நீங்கள் பார்த்த நான்காம் தலைமுறை சிட்டிக்கு 2022 குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் நாலு நட்சத்திரம் கிடைத்தது. இரவு ஒன்பதரைக்குக் கிளம்பி கணியூர் தாண்டி வரப்போகிறீர்கள். ஹெட்லைட்டை இருட்டில் போட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பழைய_பிஸ்டன் | சனி, காலை 10:40

நட்சத்திரம் பார்த்து வண்டி வாங்கும் காலம். ஓட்டுகிறவன் ஒழுங்காக ஓட்டினால் போதும்.

வேளச்சேரி_வாசி | சனி, காலை 10:52

எதிரே வருகிறவரும் ஒழுங்காக ஓட்ட வேண்டுமே சார்.

மஞ்சள்காடு | சனி, மாலை 4:35

அப்பாவோடு போய்ப் பார்த்தேன். சீட் பெல்ட், ஸ்டெப்னிக் குழி எல்லாம் சுத்தம், வாசனையும் இல்லை. டயர் நாலும் 2022. முன் கண்ணாடியில் ஸ்பேனர் அண்ணா சொன்ன புள்ளிகள் நிறைய இருக்கின்றன. புரோக்கரிடம் ஓனர் நம்பர் கேட்டேன், கொடுக்கத் தயங்கினார். ஆர்.சி.யில் இருந்த முகவரியை வைத்து அப்பா தெரிந்தவர் மூலமாக ஓனரைப் பிடித்துவிட்டார். அவர் நல்லபடியாகப் பேசினார், வரலாறு எடுக்க சம்மதம் சொல்லியிருக்கிறார்.

ஸ்பேனர்_செட் | சனி, மாலை 5:10

டயர் 2022 என்றால் பழைய டயர் ஐந்து வருஷத்தில் தேய்ந்திருக்கிறது. கண்ணாடியும் அப்படிச் சொல்கிறது. வரலாறு வரும்வரை ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள் தம்பி. இன்னொரு பார்ட்டி வந்தால் வரட்டும்.

சக்கரம்_77 | சனி, இரவு 8:22

என்ன ஆச்சு? யாராவது சொல்லுங்கள், நானும் இதே மாடல் தேடுகிறேன்.

மஞ்சள்காடு | திங்கள், மதியம் 1:07

வரலாறு வந்துவிட்டது. 2021 நவம்பர் சர்வீஸிலேயே 83,400. அட்வான்ஸ் கொடுக்கவில்லை. எல்லோருக்கும் மிக்க நன்றி. ஞாயிறு அன்று கோபியில் ஒரு சியாஸ் பார்க்கப் போகிறோம்.

குருவி_மலை | திங்கள், மாலை 6:48

மஞ்சள்காடு, அந்த சிட்டியின் கடைசி நாலு எண்ணைத் தனிச்செய்தியில் உடனே அனுப்ப முடியுமா? என் மச்சான் சனிக்கிழமை மாலை ஈரோட்டில் 48,000 ஓடிய ஒரு வெள்ளை சிட்டிக்கு அட்வான்ஸ் கொடுத்திருக்கிறார். நாளைக் காலை மீதிப் பணம் கட்டப் போகிறார்.